ஒருத்தி கை, ஒருத்தி வாய்

கன்னையனுக்கு யாராவது வணக்கம் வைத்தால், எதற்கு வைத்தான் என்று அன்றைக்கு முழுக்க யோசிப்பான். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை மோந்து பார்ப்பான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துவிட்டால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். கல்யாணப் பந்தியில் ஒரு கரண்டி பாயசம் கூடுதலாக விழுந்தால்கூட, நம்மால் இவனுக்கு என்ன சோலி ஆக வேண்டியிருக்கிறது என்று பரிமாறியவனையே பார்த்துக்கொண்டிருப்பான், பாயசம் ஆறிப்போகும். இப்படிப்பட்டவனுக்குப் போடியில் ஏலக்காய்க் கிட்டங்கியில் மேற்பார்வை வேலை கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை. முதலாளி பாண்டியராஜன் ஆளைப் பார்த்துத்தான் எடுத்தார். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை ஊரில் வேறு என்ன இருக்கிறது?

மலையில் காய வைத்த காய் மூட்டை மூட்டையாக ஜீப்பில் இறங்கி அந்தக் கிட்டங்கிக்குத்தான் வரும். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, முறத்தில் கொட்டி, பெரிய காய், சின்னக் காய், நல்ல பச்சை, வெளிறல், வாய் பிளந்தது என்று பிரிப்பார்கள். பிரிக்கிற வேகத்தில் காய் தெறிக்கும். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள் மடியில் ஒரு கைப்பிடி காயாவது சேர்ந்துவிடும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வேலை முடிந்ததும் வாசலில் ஒரு சாக்கை விரித்துப் போடுவார்கள். ஒவ்வொருத்தியும் அதன் மேல் நின்று மடியை உதறிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். விழுந்த காய் முறத்துக்குத் திரும்பிவிடும். அதில் யாருக்கும் ஒரு குறைச்சலும் கிடையாது. உதறும்போதே ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டு, வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். கன்னையன் மட்டும் சிரிக்காமல் சாக்கையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், குரங்கணியில் ஒரு தோட்டக்காரரின் காயைப் பார்த்து வரச் சொல்லி முதலாளி அவனை ஜீப்பில் அனுப்பினார். போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிய கன்னையன், வழக்கம்போல மூட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்தான். இருப்பதிலேயே பெரிய பச்சைக் காய் போட்டிருந்த மூட்டை, காலையில் கழுத்து முட்ட நின்றது, இப்போது தோள் தொங்கி நின்றது. கட்டை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்த்தான். சந்தேகமே இல்லை, காய் போயிருந்தது.

முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவர் என்ன சொல்வார்? "நீ என்னத்தய்யா பார்த்துக்கிட்டு இருந்த" என்பார். திருடனையும் திருட்டையும் சேர்த்துக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினால்தான் மரியாதை என்று கன்னையன் வாயை மூடிக்கொண்டான். அந்த வாயை அன்றைக்குத் திறந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. ஆனால் சந்தேகக்காரர்களிடம் உள்ள பெரிய கோளாறு அதுதான். ஊரையே குடைந்து குடைந்து பார்ப்பார்கள், நேராக ஒரு கேள்வி கேட்க மட்டும் அவர்களுக்கு வராது.

அந்த மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் பொற்கொடி. புருஷன் இறந்த பிறகு ஒற்றை மகளை வைத்துக்கொண்டு பிழைக்கிறவள். கன்னையன் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவள். அதனாலேயே அவள் பேரில் அவனுக்கு ஒரு கண் உண்டு. வெகுநாள் இருப்பவர்களுக்கு வழி எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவன் கணக்கு.

மறுநாள் சாயங்காலம்தான் அவன் அந்தக் கைகளைப் பார்த்தான்.

கன்னையன் வீடு கிட்டங்கிக்கு எதிர்த்தாற்போல் இருக்கும் மாடி வீடு. அவன் மகள் ஈஸ்வரி மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கீழே கிட்டங்கி முற்றத்தில் பொற்கொடியின் மகள் சுகன்யா. இருவரும் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. பள்ளி விட்டதும் சுகன்யா அம்மாவுக்காக முற்றத்தில் காத்திருப்பது வழக்கம்தான். ஆனால் இன்றைக்கு மாடியில் நின்ற ஈஸ்வரி ஒரு வார்த்தை பேசாமல் கையை மட்டும் அசைத்தாள். இடுப்புக்கு நேராகக் கையை மூடினாள். உள்ளங்கையைச் சரித்து உயர்த்தினாள். கட்டைவிரலைக் கவிழ்த்தாள். ஆள்காட்டி விரலை மேலே நீட்டினாள். கடைசியில் நெற்றிக்கு நேராக மறுபடி கையை மூடினாள். கீழே நின்றவள் அதை உற்றுப் பார்த்து, வாய்க்குள் ஏதோ முனகி, தலையை ஆட்டினாள்.

கன்னையன் சட்டென்று கிட்டங்கிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். காரணம் இருக்கிறது. அவன் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் இரண்டு பேர் கை மேல் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். மேலே வாய் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும், துண்டுக்கடியில் விரல் வேறொன்றைச் சொல்லும், பக்கத்தில் நிற்கும் மாட்டுக்காரன் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருப்பான். விரல் பேசினால் எவனோ ஒருத்தன் ஏமாறுகிறான் என்று அர்த்தம். இதுதான் கன்னையன் சின்ன வயதில் படித்த பாடம், வேறு பாடம் எதுவும் அவனுக்கு அவ்வளவு ஒட்டவில்லை.

அவன் சும்மா இருப்பானா? உட்கார்ந்து அர்த்தம் பிரித்தான். மேலே நீட்டிய விரல் என்றால், மேற்பார்வைக்காரன் கிட்டங்கியின் மேல் தட்டில் இருக்கிறான். கவிழ்ந்த கட்டைவிரல் என்றால், இப்போது வேண்டாம். சரிந்த உள்ளங்கை, பொறு. இடுப்பில் மூடிய கை? அதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. மடியில் வை. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்திய சந்தோஷத்தில், பெற்ற மகளே தகப்பனை வேவு பார்த்துச் சொல்கிறாளே என்ற துக்கம் சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது நன்றாகவே வலித்தது.

வீட்டில் ஈஸ்வரியை அழைத்து, கையில் என்ன அது என்று நயமாகக் கேட்டான். பாட்டு என்றாள் அவள். பாட்டு வாயில்தானே வரும், கையில் எப்படி வரும் என்றான். பாட்டு டீச்சர் சொல்லித் தந்த விளையாட்டு என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து வராது. ஈஸ்வரி வாய் செத்த பிள்ளை. வகுப்பில் பேர் கூப்பிட்டால் "உள்ளேன்" என்பதுகூடப் பக்கத்துப் பெஞ்சுக்குக் கேட்காது. பச்சைப் பிள்ளைகள் விளையாட்டில் என்ன குற்றம் கண்டீர்கள் என்று அவன் மனைவி முத்துப்பேச்சி கடிந்துகொண்டாள். இவளுக்கும் தெரிந்திருக்குமோ என்று அவளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கே போனான்.

நேராக உள்ளே போகவில்லை. அது அவன் வழக்கமில்லையே. வேப்பமரத்தடியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

தரையில் சாக்பீஸால் ஏணி போல ஒரு படம் வரைந்திருந்தது. ஒவ்வொரு படியிலும் ஓர் எழுத்து, கீழே ச, அதற்கு மேல் ரி, க என்று. ஒரு பையன் படிப்படியாகக் குதித்தான். எந்தப் படியில் நின்றானோ அந்தச் சுரத்தை மற்றவர்கள் பாடினார்கள். வேண்டுமென்றே இரண்டு படி தாண்டிக் குதித்து அவர்களைத் திணற வைத்தான். அடுத்து, டீச்சர் கரும்பலகையில் ஒரு வரி எழுதினாள். எல்லோரும் கண்ணால் மட்டும் படித்துக்கொள்ள வேண்டும். பிறகு அவளே அதைப் பாடினாள், ஆனால் ஓர் இடத்தில் மட்டும் எழுதியதை விட்டு வேறு சுரம் பாடினாள். "கள்ளன்!" என்று வகுப்பு மொத்தமும் கத்தியது. ஒளிந்திருந்த தப்புச் சுரத்துக்கு அந்தப் பெயர். ஜன்னலுக்கு வெளியே நின்ற கன்னையன் திடுக்கிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

அவனைப் பார்த்துவிட்ட டீச்சர் உள்ளே அழைத்தாள். சூர்யகலா என்று பெயர். சிலமலைக்காரி, வாரத்தில் சில நாள் மட்டும் வந்துபோகும் பகுதிநேர ஆசிரியை. ஈஸ்வரியின் அப்பா என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது. முகம் மலர்ந்ததும் கன்னையனுக்கு உடனே ஜாக்கிரதை வந்துவிட்டது. அவள் சளைக்காமல் விளக்கினாள். யாராவது பாடிக் காட்ட, அதைக் கேட்டு அப்படியே திருப்பிப் பாடப் பிள்ளைகளுக்குத் தெரியும். எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்ததுமே, யாரும் பாடிக் காட்டாமல், வாய் பாட வேண்டும். அதற்குத்தான் இத்தனை விளையாட்டு. கை அடையாளமும் அதற்குத்தான். இடுப்பில் மூடிய கை ச, சரிந்த உள்ளங்கை ரி, தட்டையாக நீட்டினால் க, கட்டைவிரலைக் கவிழ்த்தால் ம, உள்ளங்கை நெஞ்சைப் பார்த்தால் ப, கை தொங்கினால் த, ஆள்காட்டி விரல் மேலே போனால் நி, நெற்றிக்கு நேரே மூடினால் மேல் ச.

பிறகு ஈஸ்வரியையும் சுகன்யாவையும் எதிரெதிரே நிற்க வைத்தாள். ஈஸ்வரி கையைக் காட்டக் காட்ட, அதற்கு முன் கேட்டிராத ஒரு மெட்டைச் சுகன்யா தடங்கல் இல்லாமல் பாடினாள். சின்ன மெட்டுதான். மலையேறும் ஜீப்பு போல ஏறி, ஒரு திருப்பத்தில் நின்று, மறுபடி ஏறியது. வகுப்பு கைதட்டியது.

"ஒங்க மகளுக்கு வாய் வராது சார். ஆனா மனசுக்குள்ள பாட்டு கிடக்கு. இந்த மெட்டு அவளா கட்டினது" என்றாள் சூர்யகலா. "ஆண்டு விழாவுல இவங்க ரெண்டு பேரையும் மேடையேத்தப் போறேன். ஒருத்தி கை, ஒருத்தி வாய். சுகன்யா எதுக்க நின்னாத்தான் ஈஸ்வரிக்குக் கை வரும். வேற யாரு நின்னாலும் குறுகிப்போயிருவா."

ஈஸ்வரி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி அவள் நிமிர்ந்து பார்த்து வெகு நாளாகியிருந்தது. கன்னையனுக்கு நெஞ்சு நிறைந்தது, பொய் சொல்லக் கூடாது. பள்ளிக்கூட வாசல் வரைக்கும் அந்த நிறைவு தங்கவும் செய்தது. தெருவில் இறங்கியதும் பழைய புழு நெளிந்தது. பாட்டுக்குப் பழகிய விரல் வேறு சோலிக்கும் ஆகுமே. டீச்சர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும், அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எவ்வளவு வசதி!

அன்று முதல் அவன் சாயங்காலங்களில் கிட்டங்கி மேல் தட்டில், அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். முற்றமும் எதிர் மாடியும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். டீச்சர் சொன்ன எட்டு அடையாளத்தையும் மனப்பாடம் செய்தான். ஈஸ்வரி கை காட்டும்போது, பாட்டில் வராத அடையாளம் ஏதாவது நடுவே நுழைகிறதா என்று பார்ப்பான். நுழைந்தால் அதுதான் திருட்டுச் சேதி. முதலில் ஓர் அடையாளத்தைப் பிடிப்பதற்குள் அடுத்தது ஓடிவிடும். போகப் போகக் கண் வேகம் பிடித்தது. ச, ரி, க என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். சொன்னது கொஞ்ச நாளில் ராகமாகவே உள்ளே ஓடியது. மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து இந்த மனிதன் சங்கீதம் படித்துக்கொண்டிருந்தான் என்று சொன்னால் போடியில் யாரும் நம்ப மாட்டார்கள். அவனே நம்பியிருக்க மாட்டான், தான் வேவு பார்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

புது அடையாளம் எதுவும் நுழையவில்லை. அதுவே அவன் சந்தேகத்தை வளர்த்தது. இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, எப்படி?

கடைசியில் ஒரு பொறி வைத்தான். அன்று பள்ளிக்கு விடுமுறை. காலையிலேயே எல்லோர் காதிலும் விழும்படி, இன்றைக்குக் குரங்கணி போகிறேன், வர இருட்டிவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். தெருமுனை வரை போய், பின் வழியாக வந்து, மேல் தட்டில் பதுங்கினான். மதியச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். கீழே பெண்கள் கைவேலையில் இருந்தார்கள். முற்றத்தில் சுகன்யா வந்து நின்றாள். எதிர் மாடியில் ஈஸ்வரி. விரல் மேலே போனது. நெற்றியில் கை மூடியது. பிறகு படிப்படியாக இறங்கி இடுப்பில் வந்து மூடியது. சுகன்யா அதைப் பாடினாள். பாடி முடிக்கவும், உள்ளே உட்கார்ந்திருந்த பொற்கொடி மகளின் குரல் கேட்டுச் சிரித்தபடி இடுப்பில் சேலையை இழுத்துச் செருகினாள்.

கன்னையன் படியில் தடதடவென்று இறங்கி வந்தான். குரங்கணிக்குப் போனவன் மேலேயிருந்து இறங்கவும் பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பொற்கொடியை எழுந்து நிற்கச் சொன்னான். மடியை உதறச் சொன்னான். அவள் விழித்தாள்.

"இப்பவாண்ணே? இன்னும் சாப்பாட்டு மணியே அடிக்கல."

"உதறுத்தா."

உதறினாள். ஒரு கைப்பிடி ஏலக்காய் தரையில் சிதறியது. எல்லாம் பெரிய பச்சைக் காய்.

சிதறாமல் என்ன செய்யும்? காலையிலிருந்து பெரிய காய் முறத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் மடியில் பெரிய காய்தான் தெறித்திருக்கும். அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருந்த எவள் மடியை உதறினாலும் அதேதான் விழும். சாயங்காலம் வாசலில் சாக்கை விரிப்பதே அதற்குத்தானே. இது கன்னையனுக்குத் தெரியாதா? தினமும் அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அந்த நிமிடத்தில் அவன் கண்ணுக்குக் காய் மட்டும்தான் தெரிந்தது. அன்றைக்கு மூட்டை தோள் இறங்கியதைச் சொன்னான். கைச் சாடையைச் சொன்னான். பிள்ளைகளை விட்டே திருடுகிறாயா என்று கேட்டான்.

பொற்கொடி அழவில்லை. "எல்லாரு மடியையும் இப்ப உதறச் சொல்லுங்கண்ணே. அதுக்கப்பறம் என்னையத் திருடின்னு சொல்லுங்க" என்றாள்.

அவன் சொல்லவில்லை. மற்றப் பெண்களும் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முறத்தைப் பார்த்தார்கள். அவரவர் வீட்டில் அவரவர்க்கு அடுப்பு எரிய வேண்டுமே. பொற்கொடி அவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். பிறகு முற்றத்தில் உறைந்துபோய் நின்ற மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எதிர் மாடியில் ஈஸ்வரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏலக்காய் ஊரில் மடியில் திருடியவள் என்று பேர் விழுந்துவிட்டால் வேறு எந்தக் கிட்டங்கியும் சேர்க்காது. ஒரு வாரம் வாசல் வாசலாக ஏறி இறங்கிய பொற்கொடி, போடிமெட்டுக்கு அப்பால் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் தன் அக்காளிடம் போவதென்று முடிவு செய்தாள். காலை ஜீப்பில் கூலிக்குப் போகிறவர்களோடு நெருக்கியடித்துக்கொண்டு தாயும் மகளும் மலையேறிவிட்டார்கள். முதலாளி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சரி, பார்த்துச் செய் என்றதோடு விட்டுவிட்டார். எந்த மூட்டை, என்றைக்கு என்று அவரும் கேட்கவில்லை.

ஈஸ்வரி அழுது அடம்பிடித்திருந்தால் கன்னையன் சமாளித்திருப்பான். அவள் எதுவும் செய்யவில்லை. சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள், வந்தாள். அவன் இருக்கிற இடத்தில் கையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டாள். ஒருநாள் மட்டும், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பேசுவதுபோல, ஆனால் அவனுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"அன்னிக்கு நாங்க ஆண்டு விழாப் பாட்டுதாம்மா பாடினோம்."

டீச்சர் வேறு பிள்ளையை எதிரே நிறுத்திப் பார்த்தாளாம், ஈஸ்வரிக்குக் கையே எழவில்லையாம். முத்துப்பேச்சிதான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அதன் பிறகு ஒரு சாயங்காலம் மேல் தட்டில் ஏதோ வேலையாக நின்றபோது, எதிர் மாடியில் ஈஸ்வரி தனியாக நின்று வெறும் முற்றத்தைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டிருப்பதைக் கன்னையன் பார்த்தான். விரல் மேலே போனது. நெற்றியில் மூடியது. இறங்கி இடுப்புக்கு வந்தது. அன்றைக்கு அவன் பார்த்த அதே கை, அச்சு மாறாமல். கீழே சேதி வாங்க ஆளே இல்லை. அவன் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். அப்போதுகூட முழுசாக ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பாட்டு பாட்டுதான், சரி. காய் போனது போனதுதானே, அதை எடுத்தது யார்? இந்த ஒரு கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அவன் ஆண்டு விழா வரை காலம் தள்ளினான். அதை விட்டால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

விழாவுக்கு முதலாளி பாண்டியராஜன் பள்ளிக்கு நன்கொடை கொடுத்தவர் என்ற முறையில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினருக்குப் போட மாலை கொண்டுவந்திருந்தார். அந்தப் பெட்டியைத் தூக்கி வந்ததால் கன்னையனுக்கும் அவர் பக்கத்திலேயே நாற்காலி கிடைத்தது. பின் வரிசைகளில் கிட்டங்கிப் பெண்கள், தங்கள் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க வந்தவர்கள்.

பெட்டியைத் திறந்து மாலையை எடுத்துக் கொடுத்தபோது கன்னையன் கை அப்படியே நின்றது. ஏலக்காய் மாலை. பெரிய மனிதர்களுக்குப் போடுவதற்கென்று போடிப் பக்கம் கட்டுவது. ஒவ்வொரு காயும் பெரிய பச்சைக் காய். அவ்வளவு பெரிய காய் இந்த வருஷம் ஒரே ஒரு மூட்டைதான் வந்தது.

மாலை போட்டுவிட்டு முதலாளி வந்து உட்கார்ந்ததும், இது எங்கே வாங்கியது என்று மெல்லக் கேட்டான்.

"வாங்குறதாவது? நம்ம காய்தான். தம்பி மக கல்யாணத்துக்கு மாலை கட்டணும்னு, நீ குரங்கணி போயிருந்த அன்னிக்கு நான்தான் அள்ளிக் குடுத்து விட்டேன். அதுல ஒண்ணு மிஞ்சிருச்சு" என்றார் அவர், மேடையைப் பார்த்துக்கொண்டே.

பொற்கொடி விஷயத்தை அவன் தட்டுத் தடுமாறி எடுத்தான். முதலாளி ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினார். அந்தக் காயும் இந்தக் காயும் ஒன்றா என்றார். பிறகு, போனவள் போய்விட்டாள், இப்போது போய் அதைக் கிளறினால் நமக்குத்தான் கேவலம், பேசாமல் இரு என்றார். கன்னையன் காலிப் பெட்டியை மூடினான். அவன் பிடித்திருந்த கடைசிக் கேள்வியும் கை நழுவிப் போயிருந்தது.

மேடையில் ஈஸ்வரி பேர் சொன்னார்கள்.

அவள் தனியாக வந்து நின்றாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். எதிரே யாரும் இல்லை. மேடை ஓரத்தில் நின்ற சூர்யகலா, நான் பாடட்டுமா என்பதுபோல ஓர் அடி முன்னால் வந்தாள். ஈஸ்வரி வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு கையை உயர்த்தினாள்.

ச. ரி. க. கை ஏறியது. ஒரு வரி முடிந்ததும் நிறுத்தினாள். எதிரே நிற்க வேண்டியவள் அந்த வரியைப் பாடி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருந்தாள். பிறகு அடுத்த வரி. மறுபடி பொறுத்தாள். கூட்டம் சலசலத்தது. மைக் வேலை செய்யவில்லை என்று யாரோ சொல்ல, ஒருவர் எழுந்து போய் அதைத் தட்டிப் பார்த்தார். அது நன்றாகத்தான் இருந்தது. ஈஸ்வரி அவரைப் பார்க்கவே இல்லை. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, இத்தனை பேர் முன்னால் குறுகாமல் நின்று கை காட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தில் கன்னையனுக்குப் பாட்டு கேட்டது. ஒரு சுரம் விடாமல் கேட்டது. ஜீப்பு போல ஏறி, திருப்பத்தில் நின்று, மறுபடி ஏறும் மெட்டு. அவள் பொறுத்திருந்த இடங்களில்தான் ஒன்றுமே கேட்கவில்லை.

முதலாளி அவன் பக்கம் சாய்ந்து, "என்னப்பா, ஒம் மக சும்மா கையக் காட்டிக்கிட்டு நிக்கிது?" என்றார்.

"பாடுதுங்க" என்றான் கன்னையன். "எதுக்க நின்னு பாட வேண்டிய பிள்ளைய நான்தான் மலைக்கு வெரட்டிட்டேன். அவ ஆத்தா ஒரு காயும் எடுக்கல."

"மெதுவாப் பேசுய்யா" என்றார் முதலாளி.

கன்னையன் எழுந்து பின் வரிசைப் பக்கம் திரும்பி நின்று, கிட்டங்கிப் பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அதையே மறுபடி சொன்னான்.